கரண்ட் வைத்த உடம்பு

எங்கள் சொந்தத்தில் யார் எதனால் செத்தார்கள் என்று கேட்டால் ஒருத்தரும் நேராகப் பதில் சொல்ல மாட்டார்கள். வயிற்றுவலி என்பார்கள். காமாலை என்பார்கள். காத்துக்கருப்பு அடித்துவிட்டது என்று சொல்லி முடித்துக்கொண்ட சாவும் உண்டு. போன வருடம் கோவையில் ஒரு டாக்டரம்மா வெள்ளைத்தாளை மேஜைமேல் வைத்து, "உங்க வீட்டுல யார் யாருக்குக் கேன்சர் வந்திருக்கு, எந்த வயசுல, ஒண்ணு விடாம சொல்லுங்க" என்று பேனாவைத் திறந்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "என்னைத் தவிர யாருக்கும் வரலீங்க. எல்லாத்துக்கும் சேர்த்து எனக்கே ரெண்டு தடவை வந்துருச்சு" என்றேன்.

முதல் தடவை எனக்கு எட்டு வயது. கழுத்தில் நெறி கட்டியது. சொத்தைப்பல்லாக இருக்கும் என்று மூன்று மாதம் மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பற்றுப் போட்டார்கள். நெஞ்சுக்குள்ளேயும் கட்டி இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் கோவைக்குக் கொண்டுபோனார்கள். மருந்து ஏற்றினார்கள், கரண்ட் வைத்தார்கள். கதிர்வீச்சு என்பதெல்லாம் புத்தகத்தில் இருக்கும் சொல். எங்கள் பக்கத்தில் அதற்குக் கரண்ட் என்றுதான் பெயர். அவளுக்குக் கரண்ட் வைத்திருக்கிறார்கள் என்று யாராவது சொன்னால் கேட்டவர்கள் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள்.

அந்த அறைக்குள் என்னைத் தனியாகத்தான் படுக்க வைப்பார்கள். கதவு என் உயரத்தைப் போல இரண்டு மடங்கு, கனமான கதவு. அதைச் சாத்துவதற்குள் அம்மா வாசலில் நின்றபடி, "அசையாத படுத்துக்க சாமி. அசைஞ்சீனா கரண்டு வேற எடத்துல பட்டுரும். கண்ண மூடிட்டு முருகனக் கூப்புடு" என்பாள். நான் முருகனைக் கூப்பிட்டதில்லை. கூப்பிட்டால் உதடு அசையுமே என்று பயம். ஒரு ரீங்காரம் கேட்கும், நிற்கும், மறுபடி கேட்கும். வலி கிலி எதுவும் கிடையாது. வலி இல்லாததுதான் எனக்குப் பயமாக இருந்தது. இன்றைக்கும் நான் மல்லாந்து, இரண்டு கையையும் பக்கத்தில் ஒட்டி வைத்துக்கொண்டுதான் தூங்குகிறேன். கல்யாணமான புதிதில் என் வீட்டுக்காரர் பயந்துபோய் மூக்கில் விரல் வைத்துப் பார்ப்பாராம்.

தினமும் ஒரே இடத்தில் பட வேண்டும் என்பதற்காக நெஞ்சிலும் கழுத்தடியிலும் ஊசியால் நான்கு நீலப் புள்ளிகள் குத்தியிருந்தார்கள். அவை அப்படியே இருக்கின்றன. நோய் போய்விட்டது, முடி முளைத்தது, பள்ளிக்கூடம் போனேன். ஆனால் ஊர் மறக்கவில்லை. பதின்மூன்று வயதில் நான் பெரியவளாகிச் சீர் வைத்தபோது, யாரோ பந்தியில் உட்கார்ந்து லட்டைப் பிட்டுக்கொண்டே, "இதையெல்லாம் எவன் கட்டுவான்" என்று பேசியது என் காதிலேயே விழுந்தது. அம்மாவின் அண்ணன், என் தாய்மாமன், பச்சை ஓலைக் குடிசை கட்டி முடித்துவிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தார். அவர் காதிலும் விழுந்திருக்க வேண்டும். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பந்தியைப் பார்த்துச் சொன்னார்: "என்ற தங்கச்சி புள்ளைக்கு என்ற பையன் இருக்கறானுங்க. யாரும் கவலப்பட வேண்டாம், சாப்புடுங்க."

ஒன்பது வருடம் கழித்து அந்தச் சொல்லைக் காப்பாற்றினார். அவர் மகன்தான் என் வீட்டுக்காரர். திருப்பூருக்குப் பக்கத்தில் நெருப்பெரிச்சல் என்கிற ஊரில் நாலு நிட்டிங் மெஷின் போட்டு ஓட்டுகிறார். கல்யாணத்தின்போது ஒருவரும் என்னிடம் எதையும் மறைக்கச் சொல்லவில்லை. மறைக்க அவசியமே இல்லை. அதற்குத்தானே சொந்தத்தில் கொடுத்தது. மாமன் செத்து ஆறு வருடமாகிறது, சர்க்கரை. அவரைப் போல ஒரு மனுஷன் உண்டா என்று இன்றைக்கும் சொல்வார்கள். நானும் அதையே சொல்வேன்.

டாக்டரம்மா பெண்களுக்கு வட்டம், ஆண்களுக்குச் சதுரம் என்று தாளில் போட்டுக்கொண்டு வந்தார். என் வட்டத்தையும் என் வீட்டுக்காரர் சதுரத்தையும் ஒரு கோட்டால் சேர்த்துவிட்டு, "சொந்தமா, அந்நியமா" என்று கேட்டார். மாமன் பையன் என்றேன். அந்தக் கோட்டுக்குக் கீழே ஒட்டினாற்போல இன்னொரு கோடு இழுத்தார். எதற்கு இரண்டு கோடு என்று கேட்டேன். சொந்தத்தில் கட்டியிருந்தால் அப்படித்தான் போடுவது வழக்கம் என்றார். எனக்கு அது ஒன்றும் பெரிதாகத் தெரியவில்லை.

இரண்டாம் தடவை வந்தது நாற்பத்தொரு வயதில், இடது மார்பில். குளிக்கும்போது கையில் தட்டுப்பட்டது. வேலம்பாளையத்தில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். ஒரு நாளைக்கு எத்தனை பீஸ் என் கைக்குக் கீழே போகிறதோ, அதில் ஒரு சின்ன ஓட்டை தப்பினாலும் அந்த டேபிளில் இருக்கிற பெண்கள் என் வாயில் விழுந்து எழ வேண்டும். அப்படிப்பட்ட மகராசி என் உடம்பில் இருந்த கட்டியை எத்தனை நாள் விட்டேனோ, கடவுளுக்குத்தான் வெளிச்சம். ஆபரேஷன் செய்து மார்பை முழுசாக எடுத்துவிட்டார்கள். இந்தத் தடவை கரண்ட் வைக்கவில்லை. வைத்த இடத்திலேயே மறுபடி வைப்பதற்கு டாக்டரம்மாவுக்கு மனமில்லை. எதற்கும் ரத்தத்தில் ஒன்று பார்த்துவிடலாம் என்று அனுப்பினார்.

ஒரு மாதம் கழித்து முடிவு வந்தது. டாக்டரம்மா பொறுமையாகத்தான் சொன்னார். "கரண்ட் பட்டா யாரா இருந்தாலும் உள்ளுக்குள்ள நுணுக்கமா அறுந்துபோகும். உடம்பே அதைத் தச்சுக்கும். அப்படித் தச்சுக்கற வேலையைப் பார்க்கற மரபணு ஒண்ணுல உங்களுக்குப் பிறவியிலேயே பழுது இருக்கு. கரண்ட் வெச்ச எல்லாருக்கும் ரெண்டாவது கேன்சர் வராது. பழுது இருக்கற எல்லாருக்கும் வராது. ரெண்டும் ஒருத்தர் உடம்புல சேர்ந்தா ஆபத்து கூடுது."

எனக்கு அது புரிந்தது. சில நூலில் சாயம் பிடிக்காத பஞ்சு கலந்து வந்துவிடும். துணி வெள்ளையாக இருக்கும்வரை எந்தக் கொம்பனுக்கும் கண்ணில் படாது. சாயப்பட்டறைக்குப் போய் வந்ததும் பல்லை இளிக்கும்.

புரிந்ததால் மனசு ஆறிவிடுமா என்ன. சின்ன வயதில் எனக்குப் பக்கத்துக் கட்டிலில் பல்லடம் பக்கத்துப் பெண் ஒருத்தி இருந்தாள், என்னைவிட ஐந்தாறு வயது பெரியவள். அவளுக்கும் அதே கட்டி, அதே அறை, அதே கரண்ட். சில வருடங்களுக்கு முன் ஒரு கல்யாணத்தில் பார்த்தேன். தளதளவென்று இருந்தாள், பேரனை இடுப்பில் வைத்திருந்தாள். அன்றைக்கு அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். முடிவு வந்த நாளில் அவளை நினைத்து எனக்கு வயிறு எரிந்தது. சொல்ல வெட்கமாக இருந்தாலும் உண்மை அதுதான்.

ஆனால் அதுகூடப் பெரிதில்லை. டாக்டரம்மா அந்த வட்டம் சதுரத் தாளை மறுபடி எடுத்தார். எனக்கு ஒரே மகள், அப்போது அவளுக்குப் பதினேழு. என்னிடமிருந்து அவளுக்குப் போயிருக்கச் சரிபாதி வாய்ப்பு என்றார். பிறகு பேனா அந்த இரட்டைக் கோட்டில் வந்து நின்றது. "இந்தப் பழுது உங்களுக்கு அப்பா வழியா வந்திருந்தா சரி. அம்மா வழியா வந்திருந்தா, உங்க மாமாவுக்கும் இருந்திருக்கலாம். அவர் மகன்தானே உங்க கணவர். அவருக்கும் இருந்தா உங்க பொண்ணுக்கு ரெண்டு பக்கத்துல இருந்தும் வந்திருக்க வாய்ப்பு இருக்கு. முதல்ல உங்க அம்மா ரத்தத்தைப் பார்ப்போம். அவங்களுக்கு இல்லைன்னா உங்க கணவருக்குப் பார்க்கவே தேவையில்லை."

இந்தப் பெண்ணை எவனும் கட்ட மாட்டான் என்று ஊர் பேசியபோது எங்கள் ரத்தத்தில் ஒருத்தர் எழுந்து என் பையன் இருக்கிறான் என்றார். அந்த நல்ல மனசுதான் என் மகள் தலையில் விடிந்திருக்குமோ என்று கேட்கிறார் இந்தம்மா. இதற்கு யாரைத் திட்டுவது. எனக்குத் திட்டாமல் இருக்கவும் தெரியாது.

அப்பா லாரி மோதிச் செத்தவர். அப்பாவின் அக்கா ஒருத்தி சின்ன வயதில் போய்விட்டாள், எதனால் என்று சரியாகத் தெரியாது. அப்பா வழியாகவே இருக்கட்டும் என்று அவிநாசி லிங்கேஸ்வரரிடம் வேண்டிக்கொண்டேன். செத்தவர் மேல் போட்டுவிட்டால் யாருக்கும் வலிக்காது.

அம்மா அவிநாசியில் தனியாக இருக்கிறாள். அறுபத்தெட்டு வயது, இரும்பு உடம்பு. நேராக அங்கே போய் விஷயத்தைச் சொன்னேன்.

"எனக்கு ஒரு தலவலி கூட வந்ததில்லயே கண்ணு. எனக்கெதுக்கு ரத்தம் பாக்கோணும்?"

"வரலீன்னாலும் உள்ள இருக்கலாமுங்கம்மா. ஒரு ஊசிதான்."

"இருந்துச்சுன்னா?"

"இருந்தா அவருக்கும் பாக்கோணும். அப்பறம் புள்ளைக்கு."

அம்மா புடவைத் தலைப்பை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள். "இருந்துட்டா, உனக்கு இத நாந்தான் குடுத்தேன்னு ஆயிருமே."

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் நிற்கும். அன்றைக்கும் நின்றது. "ஆயிட்டுப் போகட்டுமே. உங்க மனசு நோகாத இருக்கறது பெருசா, என்ற புள்ள உசுரு பெருசா? ஒரு சொட்டு ரத்தத்துக்கு இந்தப் பாடு படுத்தறீங்க" என்றேன். இன்னும் நிறையச் சொன்னேன், எழுதக் கை வரவில்லை. அம்மா சமையலறைக்குப் போய் அடுப்பில் பாலை வைத்தாள். நான் காப்பி குடிக்காமல் வந்துவிட்டேன். நாலு மாதம் போக்குவரத்து இல்லை. என் வீட்டுக்காரரிடம் நீங்களே நேராகக் கொடுத்துவிடுங்கள் என்றால், "அத்தைக்குப் பாத்துட்டு அப்பறம் பாக்கலாமே" என்று மெஷின் சத்தத்துக்குள் போய் ஒளிந்துகொண்டார்.

அந்த நாலு மாதத்தில் நான் என் மகளைப் பார்த்த பார்வை ஒரு தாய் பார்க்கிற பார்வை இல்லை. அவள் தலை துவட்டும்போது கழுத்தைப் பார்ப்பேன். தூங்கும்போது எப்படிப் படுத்திருக்கிறாள் என்று போய்ப் பார்ப்பேன். ஒருக்களித்து, காலை மடக்கி, வாயைத் திறந்துகொண்டு தூங்குவாள். அதைப் பார்த்தால் கொஞ்சம் நிம்மதியாக இருக்கும். தும்மினால்கூட என்ன கண்ணு என்று ஓடுவேன். "உங்களுக்கு என்னமோ ஆயிருச்சுங்கம்மா" என்று கேலி செய்வாள். அவளுக்கு அதுவரை நான் ஒன்றும் சொல்லவில்லை.

பல் வரிசைக்குக் கம்பி போட வேண்டும் என்று அவளைத் திருப்பூரில் ஒரு பல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். தலையைச் சுற்றி வருகிற எக்ஸ்ரே மெஷின் ஒன்று. தாடையை ஒரு தாங்கியில் வைத்து நிற்கச் சொன்னார்கள். நான் கதவுக்கு வெளியே நின்றேன். அங்கே வேலை செய்கிற பெண் பொத்தானில் கையை வைத்துக்கொண்டு, "அசையாம நில்லுங்க" என்றாள்.

அவ்வளவுதான். அதற்கு மேல் நான் என்ன செய்தேன் என்று மகள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய் அவள் தோளைப் பிடித்து இழுத்திருக்கிறேன். அந்தப் பெண்ணை, "உன்ற புள்ளைய நிறுத்துவியா இதுல" என்று கேட்டிருக்கிறேன். பாவம், அவளுக்குக் கல்யாணமே ஆகியிருக்காது. உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் எழுந்து நின்று வேடிக்கை பார்த்தார்கள். பல்லுக்கு எடுப்பதெல்லாம் துளியூண்டு, அதற்குப் பயப்பட வேண்டியதில்லை என்று டாக்டரம்மா பிறகு போனில் சொன்னார். அதைக் கேட்டு என்ன பிரயோசனம். ஸ்கூட்டியில் வீட்டுக்கு வந்தோம். செருப்பைக் கழற்றியதும் மகள், "இப்பச் சொல்லுங்க. எனக்கு என்னங்கம்மா?" என்று கேட்டாள். எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு அறைக்குள் போனவள் யாரிடமோ போனில் பேசுவது கேட்டது.

மறுநாள் காலையில் கம்பெனி கேட்டில் இருந்து செக்யூரிட்டி ஆள் அனுப்பினார். அம்மா நின்றுகொண்டிருந்தாள். அவிநாசியில் இருந்து இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறாள். வெயிலில் முகம் கன்றியிருந்தது. "எப்பப் போகோணும்?" என்று மட்டும் கேட்டாள். நான் லீவ்கூடச் சொல்லாமல் அப்படியே கிளம்பினேன்.

அம்மாவுக்கும் அந்தப் பழுது இருந்தது. டாக்டரம்மா சொன்னபோது அம்மா தலையை ஆட்டிக்கொண்டே கேட்டாள், ஊரில் யாருக்கோ நடந்ததைக் கேட்பது போல. கடைசியில் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"ஏனுங்க, எனக்கும் அதே கோளாறுன்னா, எனக்கு ஏனுங்க ஒண்ணும் வரல?"

"வராமலும் போகலாம்மா. பலதும் சேர்ந்துதான் வரும். ஆனா உங்களுக்கு யாரும் சின்ன வயசுல கரண்ட் வெக்கலையே."

திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னல் பக்கம் அம்மா உட்கார்ந்தாள். பஸ் கருமத்தம்பட்டியைத் தாண்டியது. பிறகு வெளியே பார்த்தபடியே சொன்னாள். "அன்னிக்கு அந்தப் பெரிய டாக்டர் சொன்னாரு கண்ணு. மருந்தே நல்லாக் கேக்குது, கரண்டு வேணுமான்னு யோசிக்கலாமுங்கம்மான்னு. நாந்தான் கால்ல உழுந்தேன். எதையும் மிச்சம் வெக்காதீங்க, எல்லாத்தையும் வெச்சுருங்க சாமின்னு. ரத்தத்தையும் நாந்தான் உனக்குக் குடுத்திருக்கறேன், கரண்டையும் நாந்தான் குடுத்திருக்கறேன்."

கரண்ட் வைக்காமல் இருந்திருந்தால் நான் ஒன்பது வயதில் போயிருப்பேனா, இல்லை இந்த மார்போடு நன்றாக இருந்திருப்பேனா, எந்த டாக்டராலும் இப்போது சொல்ல முடியாது. அதைச் சொல்லியிருக்கலாம். நடுவில் முப்பத்து மூன்று வருடம் நான் உயிரோடு இருந்ததும் நீங்கள் கொடுத்ததுதான் என்று சொல்லியிருக்கலாம். வாயாடி என்று பெயரெடுத்தவளுக்கு, சில மாதத்துக்கு முன் அத்தனை பேச்சுப் பேசியவளுக்கு, அன்றைக்கு ஒரு வார்த்தை வரவில்லை. அதற்குப் பிறகு அம்மா என் முகத்தைப் பார்த்துப் பேசுவதை விட்டுவிட்டாள். வருவாள், ரசம் வைப்பாள், துணி மடிப்பாள். பேச்செல்லாம் பேத்தியோடுதான்.

அடுத்து என் வீட்டுக்காரர் ரத்தம் கொடுத்தார். அந்த மூன்று வாரம் அவர் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. அவருக்கு இல்லை என்று வந்தது. மெஷின்களை எல்லாம் நிறுத்திவிட்டு நூல் மூட்டைமேல் உட்கார்ந்து அழுதார். பழி வராமல் மாமன் தப்பித்தார் என்று எனக்குத் தோன்றியது. செத்துப்போன மனுஷனுக்காக அப்படிச் சந்தோஷப்பட்டேன். என் பக்கத்துப் பாதி மட்டும் பாக்கி நின்றது.

அவசரமில்லை, பதினெட்டு முடிந்ததும் அவளே முடிவு செய்யட்டும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். பிறந்தநாள் முடிந்த வாரமே மகள் போகலாம் என்றாள். காகிதத்தில் அவளே கையெழுத்துப் போட்டாள். முடிவு வாங்கப் போன அன்று நான், மகள், அம்மா மூன்று பேரும் டாக்டரம்மா எதிரில் உட்கார்ந்திருந்தோம். டாக்டரம்மா காகிதத்தைப் பிரிப்பதற்கு முன்பே அவர் முகத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது. முப்பது வருடமாக டாக்டர்கள் முகத்தைப் படித்து வருகிறவள் நான்.

மகளுக்கும் இருந்தது. வருடா வருடம் என்னென்ன பார்த்துக்கொள்ள வேண்டும், எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் எக்ஸ்ரே, ஸ்கேன் என்றால் முதலில் இதைச் சொல்லிவிட வேண்டும் என்றெல்லாம் டாக்டரம்மா சொல்லிக்கொண்டே போனார். எனக்கு எதுவும் மண்டையில் ஏறவில்லை. மகள் கவனமாகக் கேட்டாள். முடிந்ததும் அவளுடைய அம்மாயியை, என் அம்மாவை, ஒரு தடவை பார்த்துவிட்டுக் கையைத் தூக்கிக் கேட்டாள், வகுப்பில் கேட்பது போல.

"அம்மாயிக்கு இருக்கறது அதேதானுங்களா மேடம்?"

"அதேதான்."

"அம்மாயிக்கு இத்தனை வயசுக்கு ஒண்ணும் வரலீங்கல்ல?"

"வரலை."

"சரிங்க. அப்ப நான் அம்மாயி மாதிரி இருந்துக்கறேன்."

அவள் பிறந்த நாளில் இருந்து எல்லாக் கோயிலிலும் நான் வேண்டிக்கொண்டது இந்த ஒன்றுதான், என் மகள் என்னைப் போல ஆகிவிடக் கூடாது என்று. அதை அவள் வாயாலேயே கேட்டபோது நான் கரண்ட் அறையில் படுத்திருந்த அந்த எட்டு வயசுப் பிள்ளையைப் போல அசையாமல் உட்கார்ந்திருந்தேன். அவள் என்னை நோகடிக்கச் சொல்லவில்லை. நொந்தது.

அம்மா நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு எழுந்தாள். பேத்தியைக் கட்டிக்கொள்ளப் போகிறாள் என்று நினைத்தேன். பேத்தியும் அப்படித்தான் நினைத்து நகர்ந்து இடம் விட்டாள். அம்மா அவளைத் தாண்டி என்னிடம் வந்து நின்றாள். பஸ்ஸில் வந்த அந்த நாளுக்குப் பிறகு முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தாள்.